துல்லியம் ஏன் வெளியே நின்றார்

மார்ச் 4

தம்பிக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு உறையைப் பிரித்த கையோடு நீ வேறு ஏதாவது கற்பனை செய்துகொண்டு உட்காரக் கூடாது. இரண்டு வருடமாகப் பேசாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால், எனக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான். முகவரி சித்தி கொடுத்தாள். "அவன் இருக்கிற எடத்துல டவரே கிடையாதாம், லெட்டர் போட்டாத்தான் உண்டு" என்றாள். நல்லதாகப் போயிற்று. போனில் உன் குரலைக் கேட்டால் நான் வைத்துவிடுவேன்.

நான் இன்னும் அதே பல் கிளினிக்கில்தான் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே வருகிற வார இதழில் ஒரு தொடர்கதை. கதாநாயகர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். அவருக்குப் பெயர் கிடையாது, ஊரே 'துல்லியம்' என்றுதான் கூப்பிடுகிறது. மூளை என்றால் அப்படி ஒரு மூளை. சுவர்க் கடிகாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்தே, வீட்டுக்குள் புகுந்த திருடன் இடதுகைக்காரன் என்று சொல்லிவிடுகிறார். அதே மனுஷர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வருகிறார்.

போன வாரம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். இவர் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி ஜன்னல் வழியாக உள்ளே இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கிறார். அது ஏழு நிமிடம் வேகமாக ஓடுகிறது. இன்னும் பத்தாகவில்லையே என்று வாசலிலேயே நிற்கிறார். உள்ளே இருப்பவர்கள் அவர்கள் கடிகாரப்படி பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும். இவர் சரியாகப் பத்துக்கு உள்ளே நுழைகிறார், மகள் வெளியே வந்துகொண்டிருக்கிறாள்.

இதை வைத்து எங்கள் கிளினிக் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கடைவாய்ப் பல் வலியோடு வந்த லாரி டிரைவர், "பெரிய மூளைக்காரங்க எல்லாம் அப்படித்தாம்மா இருப்பாங்க" என்றார். டாக்டரம்மா ஒரு நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டே, "மூளையாவது ஒண்ணாவது, விவரம் பத்தாத ஆளு" என்றார். வாய் திறந்திருந்த அந்த மனிதரால் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

நாலு வாரப் பக்கங்களைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சொல். துல்லியம் அறிவாளியா, இல்லை விவரம் இல்லாதவரா? ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே தபால் செவ்வாயும் வெள்ளியும்தான் வரும், எண்ணெய் டின் ஏற்றி வருகிற வேனில். உன் எழுத்தை உறைமேல் பார்த்ததும் சித்திக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

நாலு வாரத்தையும் இரண்டு முறை படித்தேன். மூன்றாவது வாரத்தில் கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி கிழிந்துபோயிருக்கிறது. கிடைத்தால் அனுப்பு. அது இல்லாமல் முடிவாகச் சொல்வது சரியாக இருக்காது. இருந்தாலும் இப்போதைக்கு என் கருத்து: துல்லியம் அறிவாளிதான்.

தப்பான நேரம் காட்டியது அலுவலகக் கடிகாரம். அவரைப் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள், அவர் பத்துக்கு வந்தார். உள்ளே இருந்த பதினைந்து பேரும் தப்பான நேரத்தில் கூடியிருந்தார்கள். பதினைந்து பேர் சேர்ந்து தப்பு செய்தால் அது சரியாகிவிடுமா? ஆயுள் முழுக்க மற்றவர்களின் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தவர், அந்த ஒரு நாள் மட்டும் தப்பான கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றால் அவர் அதுவரை செய்த வேலைக்கு என்ன அர்த்தம்? குடை விஷயம் வேறு. அது மறதி. மறதியையும் விவரமின்மையையும் டாக்டரம்மா ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்.

இங்கே நான் பார்ப்பதும் கிட்டத்தட்ட அந்த மாதிரி வேலைதான். மலைமேல் ஒரு நீரேற்று நிலையம். நாலு மோட்டார், ஏழு அளவுமானி. மணிக்கொரு முறை முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் எழுதுகிற எண்ணை நம்பித்தான் கீழே இருக்கிற ஊருக்குத் தண்ணீர் போகிறது. ஏறக்குறைய என்று எழுத முடியாது.

நீ ஏன் இதைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

என் முழங்கால் இருக்கட்டும்.

தெரியும் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் முழங்காலுக்குத் தாவிவிட்டாய் பார், அதைத்தான் நான் விவரமின்மை என்கிறேன். தெரியும் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. நீ சொல்ல மாட்டாய், நான் சொல்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உனக்குப் போன் செய்தேன். "அம்மாவுக்கு ரொம்ப முடியலை, உடனே வா" என்றேன். உடனே என்று சொன்னேனா இல்லையா? நீ ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டே முக்காலுக்கு வந்துவிட்டாய். வந்தவன், பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு வரை என்று எழுதியிருந்த போர்டைப் படித்துவிட்டு, அதன் அடியிலேயே நின்றாய். அம்மா மூன்றே முக்காலுக்குப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ சரியாக நாலு மணிக்குப் படியேறி வந்தாய், கையில் ஆரஞ்சுப் பழம் வேறு. "எப்ப வந்தே?" என்று கேட்டேன். "ரெண்டே முக்காலுக்கு" என்றாய். ஏதோ வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி.

அப்போதுதான் வார்டில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், "உனக்கு மூளை இருக்குடா, புத்தி இல்ல" என்று. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா உன்னைக் கடைக்கு அனுப்பினாளே, ஞாபகம் இருக்கிறதா? கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் வந்து திறக்கும்வரை மூன்று மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தாய். எதிர்ச்சாரியில் இன்னொரு கடை திறந்தே இருந்தது. "அந்தக் கடையிலதானே வாங்கிட்டு வரச் சொன்னே" என்று அம்மாவிடம் கேட்டாய். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அதற்குத்தான் இப்போது வருத்தப்படுகிறேன். அன்றைக்கே இரண்டு அறை வைத்திருக்க வேண்டும்.

இந்த வாரம் துல்லியத்தின் மகள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? புதுக் குடித்தனத்துக்கு ஒரு கடிகாரம் செய்து அனுப்பியிருக்கிறார். அறிவாளியாம்.

அந்தக் கிழிந்த பகுதி குப்பைக்குப் போய்விட்டது. அதில் ஒன்றும் இல்லை, பல்பொடி விளம்பரம்தான்.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

இனிமேல் பக்கங்களை அனுப்ப வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. படித்து முடித்த பிறகு துல்லியத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. என்னோடு முறை மாற்றிக்கொள்கிறவர் விடுப்பில் போய் மூன்று வாரம் ஆகிறது. பகல் முழுக்க நான் மட்டும்தான். இரண்டாவது மோட்டார் சூடாகிறது என்பதை நேற்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது, திரும்பிப் பார்த்தேன். அதற்கு முன் கடைசியாக எப்போது பேசினேன் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை, வேன் டிரைவரிடம். "வெச்சுட்டுப் போங்க" என்றேன்.

நீ எழுதியதில் ஒரே ஒரு திருத்தம். ஆரஞ்சு இல்லை, சாத்துக்குடி.

மற்றபடி நீ எழுதியது எல்லாம் சரி.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். மற்றபடி எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தால் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

நீ அங்கே மோட்டாரிடம் பேசுகிறாய் என்றால் இங்கே மட்டும் என்ன வாழ்கிறது. ஒரு நாளைக்கு அறுபது பேரைக் கூப்பிடுகிறேன், எல்லாம் எண்கள். பதினேழு வாங்க, பதினெட்டு வாங்க. வீட்டுக்கு வந்தால் கூப்பிடுவதற்கு எண்கூட இல்லை. அம்மா படுத்திருந்த அறையை நான் இன்னும் மாற்றவில்லை. அந்தப் பக்கம் விளக்குப் போடாமலே இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். துவைத்த துணியைக் கூடத்திலேயே காயப்போட்டு, கூடத்திலேயே மடித்து, கூடத்திலேயே தூங்குகிறேன். கதையைக்கூட நான் கதைக்காகப் படிக்கவில்லை போலிருக்கிறது. நாலு பேர் வாய்ச்சண்டை போடுகிற இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கலாமே என்றுதான்.

எழுத வந்த விஷயம் வேறு. எங்களுக்கு வழக்கமாக வருகிற ஓர் அம்மா இருக்கிறார், முன்பு டைப்பிங் வகுப்பு எடுத்தவர். வாயைத் திறக்காத ஆள். நேற்று அவருக்கு மரத்துப்போக ஊசி போட்டு, வெளியே உட்காரவைத்திருந்தோம். லாரி டிரைவரும் இன்னொருவரும் வழக்கம்போலத் துல்லியத்தைப் பற்றி ஆரம்பித்தார்கள். அறிவு, விவரம், அறிவு, விவரம். அந்த அம்மா பாதி மரத்த வாயோடு குழறிக் குழறிச் சொன்னார்: "அந்த ஆளு கடிகாரத்தப் பாத்து நிக்கலீங்க. மகள் கையெழுத்துப் போடறதப் பாக்க பயந்து நின்னாரு. கடிகாரம் கெடச்சுது, அதப் புடிச்சுக்கிட்டாரு."

முப்பத்து நாலை நான் மூன்று முறை கூப்பிட்டேன், முப்பத்து நாலு எழுந்திருக்கவே இல்லை.

அதனால் கேட்கிறேன். ஒரு வரி போதும் என்று இந்த முறை சொல்ல மாட்டேன். நீ அன்றைக்குப் போர்டைப் பார்த்துத்தான் நின்றாயா?

அக்கா


மே 2

அக்காவுக்கு,

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவதையும் கிழிப்பதற்குள் வேன் வந்தால் நல்லது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அம்மாவைப் பார்க்க வந்தேன் அல்லவா. நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். கட்டில் கால்மாட்டில் அட்டை தொங்கியது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்த அளவுகள். ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு. இரண்டு நாள் எண்களையும் மனதுக்குள் ஒரு கோடாகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கோடு மறுநாளைத் தாண்டவில்லை. டாக்டர் தினமும் உன்னிடம் "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. அம்மா தூக்கத்தில் இருந்தாள். காலைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. வந்துவிட்டேன்.

மறுநாள் நீ கூப்பிட்டதும் புறப்பட்டது உண்மை. போர்டைப் பார்த்ததும் உண்மை. காவலாளி "நாலு மணிக்குத்தான் சார்" என்றார். சரி என்று நின்றேன். அந்தச் சரி வாயிலிருந்து வந்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? யாரோ தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான். மூன்றேகால் இருக்கும், அந்தக் காவலாளியே என்னிடம் வந்தார். நான் நிற்பதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "யாருக்கு சார் முடியலை?" என்றார். "அம்மாவுக்கு" என்றேன். "அட, முன்னாடியே சொல்லக் கூடாதா. நீங்க போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

நான், "பரவாயில்லீங்க, நாலுக்கே போறேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேட்டைச் சாத்தினார். அந்த அரை மணி நேரத்தில் படியேறியிருந்தால் அம்மாவைப் பார்த்திருப்பேன்.

நீ எல்லோர் முன்னாலும் புத்தி இல்லை என்று சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் தப்பித்தோம் என்றுதான் இருந்தது. விவரம் இல்லாதவனை யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. பாவம், அவன் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு வருடமாக அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன். இந்த மலைக்கு மாற்றல் கேட்டு வாங்கியதும் அதனால்தான்.

டைப்பிங் அம்மா சொன்னது துல்லியத்துக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை இப்போது.

தம்பி


மே 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. டாக்டரம்மா, "வீட்டுக்குப் போம்மா, டோக்கனை நான் கூப்பிட்டுக்கறேன்" என்று அனுப்பிவிட்டார்.

முதலில் உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. தெரிந்தும் சொல்லாமல் போனாயே, சொல்லியிருந்தால் அந்த ராத்திரி நான் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசியிருப்பேனே என்று. இப்போதும் அது போகவில்லை. அதைப் போக்கச் சொல்லி உன்னிடம் கேட்கவும் போவதில்லை. ஆனால் நீ எழுதிவிட்டாய். நான் எழுதாமல் இருந்தால் அது நியாயமில்லை.

அம்மா போனபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

அறைக்குள் சிக்னல் வரவில்லை. நீ எங்கே தொலைந்தாய் என்று கேட்க, படிக்கட்டுத் திருப்பத்துக்கு வந்தேன். மூன்றரை இருக்கும். உனக்கு மூன்று முறை அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அங்கே ஒரு ஜன்னல் உண்டு, வாசலைப் பார்த்தபடி. அதன் வழியாகப் பார்த்தேன். நீ போர்டுக்கு அடியில் பையோடு நின்றுகொண்டிருந்தாய். கைபேசியை அணைத்து வைக்கவும் என்றும் அதே போர்டில்தான் எழுதியிருந்தது, அதையும் செய்திருக்கிறாய் என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். கொடுக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் இப்படி நிற்கிறான் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு வீம்பு. நான் ஒன்பது நாளாகத் தூங்காமல் இருந்தவள், நீ சாவகாசமாக நிற்கிறாய் என்று வயிறு எரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். திரும்பி அறைக்குப் போனபோது நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா போனீங்க, உங்களைத்தான் தேடினேன்" என்றாள்.

தேடினாளாம். அம்மா கண்ணைத் திறந்தாளா, யாரையாவது கேட்டாளா என்று நான் அந்த நர்ஸிடம் கேட்கவே இல்லை. இன்றுவரை தெரியாது.

நீ மேலே வந்ததும் எப்போது வந்தாய் என்று கேட்டேனே, தெரியாமல் கேட்கவில்லை. நீ உன் வாயால் சொல்ல வேண்டும், கூடியிருந்தவர்கள் அதைக் கேட்க வேண்டும். எல்லோரும் உன்னைப் பார்த்தால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் ராத்திரி ஊரிலிருந்து வந்து சேர்ந்த சித்தி அழுதுகொண்டே, "கடைசில நீயாவது பக்கத்துல இருந்தியேடி" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அதை ஊரெல்லாம் சொல்லி, நானும் கேட்டுக் கேட்டு, சில நாள் எனக்கே அந்தக் கையின் சூடு ஞாபகம் வருகிறது. இல்லாத சூடு.

மூளையும் புத்தியும் என்று உன்னைப் பிரித்துப் பேசினேனே, என்னிடம் இரண்டில் எது இருந்தது அன்றைக்கு?

தொடர்கதை முடிந்துவிட்டது. அறிவாளியா இல்லையா என்று கடைசிவரை அந்த ஆசிரியர் சொல்லவில்லை. லாரி டிரைவருக்கு ஒரே கோபம். பக்கங்களை அனுப்பவில்லை, நீ வேண்டாம் என்றாய் அல்லவா.

சித்தியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். சொல்லவா? அவளுக்கும் வயதாகிறது. அதை நினைத்துத்தான் அவள் ஆறுதலாக இருக்கிறாள். எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. நீ சொல்.

அக்கா


மே 20

அக்காவுக்கு,

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வேனில் இறங்கி, அங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்து, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். ஏழு நாள் இருப்பேன். அம்மா அறையில் படுத்துக்கொள்கிறேன். நீ அந்த அறைக்குள் வர வேண்டாம், நானே ஒட்டடை அடித்துக்கொள்வேன்.

நீ ஜன்னலில் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பேனா என்று யோசித்தேன். பார்த்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதனால் குரல் கொடுக்கவில்லையே என்று நீ உன்னையே போட்டு வதைத்துக்கொள்ளாதே. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் என்னை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தோடுதான் பார்த்திருக்கிறாய், இருக்கட்டும். நான் அங்கே தனியாக நின்றதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அம்மாதான் தனியாக இருந்தாள். அதை நாம் இரண்டு பேரும் எப்படித் திருப்பிப் போட்டாலும் மாற்ற முடியவில்லை.

சித்தி விஷயம். நான் இதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத எண்ணை எழுதியதில்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் சித்தியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டே போனாள் என்றே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சித்தி வீட்டுக்குப் போவோம். அவள் எப்படியும் அந்தப் பேச்சை எடுப்பாள். எடுக்கும்போது, தம்பி முன்னாலேயே வந்துவிட்டான், அந்தப் பக்கம் நின்று இன்னொரு கையை அவன் பிடித்துக்கொண்டிருந்தான், கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று சொல்.

நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். திருத்த மாட்டேன்.

தம்பி